1565: காலக்கோட்டில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம். எதை வைக்கலாம்?

குமரித்துறைவன்

எங்கள் ஊர் நூலகச் சுவரில் உலக வரலாற்றுக் காலக்கோடு வரைகிறோம். நூற்றாண்டுக்கு ஓர் ஆண்டு. அந்த ஆண்டின் ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் பெரிய படம், மற்றவை ஒற்றை வரியில். பதினாறாம் நூற்றாண்டுக்கு 1565 என்று நானே முடிவு செய்துவிட்டேன். தலைக்கோட்டைப் போர் நடந்த ஆண்டாயிற்றே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். குறிப்பெடுக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த ஆண்டு யாரையும் சும்மா இருக்க விடவில்லை.

ஜனவரியில் கிருஷ்ணா நதிக்கரையில் தக்காணச் சுல்தான்களின் கூட்டணியிடம் விஜயநகரப் படை சிதறுகிறது. பிப்ரவரியில் ரஷ்யாவின் நான்காம் இவான் நாட்டில் ஒரு பகுதியைத் தன் சொந்த ஆளுகைக்கென்று பிரித்து எடுத்து, அதற்கெனத் தனிப்படையும் அமைக்கிறார். அந்தப் படையினர் குதிரைச் சேணத்தில் நாய்த் தலையும் துடைப்பமும் கட்டிக்கொண்டு துரோகிகளைத் தேடிப் போனார்கள். மார்ச் 1 அன்று எஸ்டாசியோ டி சா என்ற போர்ச்சுகீசியத் தளபதி ரியோ டி ஜெனிரோவை நிறுவுகிறார். ஏப்ரலில் ஸ்பெயினின் லெகாஸ்பி பிலிப்பைன்ஸின் செபுவில் கால் ஊன்றுகிறார். மே முதல் செப்டம்பர் வரை மால்டா முற்றுகை. ஜூனில் ஜப்பானின் கியோட்டோவில் ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) அஷிகாகா யோஷிதேரு தன் மாளிகையிலேயே கொல்லப்படுகிறார். ஜூலையில் ஸ்காட்லாந்து அரசி மேரிக்கும் டார்ன்லிக்கும் திருமணம். செப்டம்பரில் புளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் நகரம். ஆக்ராவில் அக்பர் செங்கோட்டை வேலையைத் தொடங்கியதும் இதே ஆண்டில்தான்.

படத்துக்கு எது? காரணத்தோடு சொல்லுங்கள்.

ஹம்பிப்பித்தன்

இதற்கு ஓர் இழை வேறா? தலைக்கோட்டைதான். தென்னிந்தியாவின் வரைபடமே அந்த ஒரு நாளில் மாறியது. விஜயநகரத்தை உண்மையில் ஆண்டுவந்த, எண்பது வயதை எட்டிய ராமராயர் களத்தில் பிடிபட்டார். அகமதுநகர் சுல்தான் உசேன் நிஜாம் ஷாவின் முன் கொண்டுபோனார்கள். அங்கேயே தலை போயிற்று. அது ஈட்டி முனையில் ஏறியதும் படை கலைந்தது. தம்பி திருமலை, பெயருக்குப் பேரரசராக இருந்த சதாசிவராயரையும் கருவூலத்தையும் தூக்கிக்கொண்டு பெனுகொண்டாவுக்கு ஓடினார். காவலற்று நின்ற தலைநகரைச் சூறையாடினார்கள். இதைவிடப் பெரிய படம் எங்கே கிடைக்கும்?

அலைவாய்க்காரன்

துறைவன் தம்பி, உங்கள் பட்டியலில் மிக முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அக்டோபர் 8, 1565. மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்தில் 'சான் பெத்ரோ' என்ற கப்பல் வந்து சேர்கிறது. அதில், லெகாஸ்பியின் கூட்டத்தோடு பிலிப்பைன்ஸ் போயிருந்த உர்தனேட்டா என்ற அகஸ்தீன் சபைத் துறவி இருக்கிறார். என் ஓட்டு அந்தக் கப்பலுக்கு.

கப்பலில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போவது பெரிய காரியமில்லை. வெப்ப மண்டலத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. பாயை விரித்தால் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்புவதுதான் பாடு. 1522-இல் மகெல்லன் கூட்டத்தின் 'டிரினிடாட்' கப்பல் முயன்று, ஆட்களை இழந்து, போர்ச்சுகீசியரிடம் சிக்கியது. 1520-களின் இறுதியிலும் 1540-களிலும் முயன்றவர்களும் தோற்றார்கள். பெரும்பாலோர் வந்த வழியிலேயே எதிர்க்காற்றோடு மல்லுக்கு நின்றார்கள், அல்லது போதிய அளவு வடக்கே ஏறாமல் திரும்பினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பசிபிக் ஒருவழிப் பாதையாகவே இருந்தது.

உர்தனேட்டா இளவயதில் மாலுமியாக மலுக்குத் தீவுகளுக்குப் போய், அங்கே பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்தவர். அந்தக் கடலை அறிந்தவர். 1565 ஜூன் 1 அன்று செபுவிலிருந்து புறப்பட்டு, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து வடக்கே, ஜப்பானின் அட்சரேகை வரை ஏறினார்கள். அங்கே காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. செப்டம்பரில் கலிபோர்னியக் கரை தெரிந்தது. பிறகு கரையோரமாகத் தெற்கே அகபுல்கோ. நான்கு மாதத்துக்கு மேல் ஒரு துறைமுகத்திலும் நிற்கவில்லை. தலைமை வழிகாட்டி உட்படப் பலர் வழியிலேயே இறந்தார்கள். நங்கூரம் போடக்கூட வலுவுள்ள ஆள் இல்லாமல்தான் கப்பல் கரை வந்தது.

அந்தப் பாதையில் 1815 வரை, 250 ஆண்டுகள், மணிலாக் கப்பல்கள் ஓடின. சீனப் பட்டும் பீங்கானும் கிழக்கே போயின, மெக்சிகோ, பெரு வெள்ளி மேற்கே வந்தது. அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல் வழிகள் ஏற்கெனவே திறந்திருந்தன. உலகத்தைச் சுற்றி வணிகம் ஒரு வளையமாக மூடியது இந்தக் கப்பலால்தான்.

முரண்டன்

அலைவாய்க்காரரே, உங்கள் துறவிக்கு இரண்டு மாதம் முன்பே இன்னொரு கப்பல் வந்து சேர்ந்துவிட்டதே! 'சான் லூகாஸ்', அதே கூட்டத்தின் சிறு கப்பல். போகும்போதே கூட்டத்தைப் பிரிந்து தனியாகப் பிலிப்பைன்ஸைச் சுற்றிவிட்டு, ஆகஸ்ட் 9 அன்று மெக்சிகோவின் நவிடாட் துறைக்குத் திரும்பியது. வழிகாட்டியவர் லோப்பே மார்ட்டின்; ஆப்பிரிக்க வம்சாவளிப் போர்ச்சுகீசியர். துறவி வந்து சேர்ந்ததும் சான் லூகாஸ்காரர்கள் மேல் கூட்டத்தைக் கைவிட்டு ஓடிய பழி விழுந்தது. மார்ட்டினை மறு ஆண்டே இன்னொரு கப்பலில் ஏற்றிப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே போனால் தூக்குக்கயிறுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நடுக்கடலில் கலகம் செய்தார். கடைசியில் ஒரு தீவில் கைவிடப்பட்டார்.

படம் வைப்பதானால் யார் முகத்தை வைப்பீர்கள்?

அலைவாய்க்காரன்

முகம் எதற்கு? பாதையை வரையுங்கள். ஆனாலும் நீங்கள் சொல்வது நியாயம்தான், மார்ட்டின் பெயர் அதில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: பிறகு வந்த மாலுமிகளுக்கு வழிகாட்டியாக அமைந்தது உர்தனேட்டாவின் குறிப்புகளும் வரைபடமும். ஒருமுறை தப்பிப் பிழைத்து வருவது வேறு, அடுத்தவன் நம்பிப் போகும்படி வழியை எழுதி வைப்பது வேறு.

தாமிரபரணி டீச்சர்

முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவள் என்ற உரிமையில் ஹம்பிப்பித்தனுக்கு ஒரு வார்த்தை. தலைக்கோட்டையைப் படமாக வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. என்ன வாசகத்தோடு வைப்பார்கள் என்பதில்தான் கவலை. 'இந்துப் பேரரசை முஸ்லிம்கள் அழித்தார்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ராமராயர் இருபது ஆண்டுக்கும் மேலாக என்ன செய்துகொண்டிருந்தார்? ஒரு சுல்தானைச் சேர்த்துக்கொண்டு மற்றொருவரை அடிப்பார். அடுத்த முறை அணியை மாற்றிக்கொள்வார். பீஜப்பூரோடு சேர்ந்து அகமதுநகருக்குள் போய்ப் பாழ்படுத்தினார். கோல்கொண்டா இப்ராகிம் குதுப் ஷா பட்டத்துக்கு வரும் முன் ஏழு ஆண்டுகள் அடைக்கலமாக இருந்தது விஜயநகரத்தில்தான்; தெலுங்குப் புலவர்களை ஆதரித்த சுல்தான் அவர். பீஜப்பூர் அலி அடில் ஷாவின் கதை இன்னும் சுவையானது. ராமராயரின் மகன் இறந்தபோது துக்கம் விசாரிக்க நேரில் வந்தார், ராயரின் மனைவி அவரைத் தத்துப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார் என்று பாரசீக மொழி வரலாற்றாசிரியர் பெரிஷ்தா எழுதுகிறார். விடைபெறும்போது ராயர் உரிய மரியாதையோடு வழியனுப்ப வரவில்லை என்று மனத்தாங்கலாம். அதையும் அவரேதான் எழுதுகிறார்.

இப்படித் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த சுல்தான்கள் சேர்ந்ததே ஒரு கல்யாணத்தால். அகமதுநகர் இளவரசி சாந்த் பீபி பீஜப்பூருக்கு மருமகளாகப் போனார், சீதனமாகச் சோலாப்பூர் கோட்டை போயிற்று. அந்தக் கோட்டைக்காகத்தான் இரு வீடும் அதுவரை சண்டையிட்டன! பேரார் சுல்தான் கூட்டணியில் சேரவே இல்லை. விஜயநகரப் படையில் முஸ்லிம் வீரர்கள், சுல்தான்கள் பக்கம் மராட்டியர்கள். இதில் எங்கே மதப்போர்?

ஹம்பிப்பித்தன்

டீச்சர், அரசியல் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹம்பிக்குப் போனவர்கள் கண்ணால் பார்க்கலாம்: விட்டலர் கோயிலில் தீயின் தழும்பு, நரசிம்மர் சிலையின் உடைந்த கைகள். அதையும் அரசியல் என்று கடந்துவிட முடியுமா?

தாமிரபரணி டீச்சர்

கடக்க வேண்டாம், உற்றுப் பாருங்கள். அரண்மனைப் பகுதியும், அரச குடும்பத்தோடு நெருங்கிய கோயில்களும் கடுமையாக அடிபட்டிருக்கின்றன. ஊரின் மூத்த தெய்வமான விருபாட்சர் கோயில் நிற்கிறது, பூசையும் நடக்கிறது. அரசனின் அடையாளத்தை அழிப்பது அந்தக் காலப் போர்முறை. நியாயம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளிடம் சொல்லும்போது முழுசாகச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று: சூறையோடு ஊர் ஒரேயடியாகச் செத்துவிடவில்லை. வெனிஸ் வணிகர் சீசர் பெடரிச்சி 1567-இல் அங்கே போய் ஏழு மாதம் தங்கினார். வீடுகள் நிற்கின்றன, ஆளில்லை, புலி முதலிய விலங்குகள் குடியிருக்கின்றன என்கிறார். திருமலை திரும்பி வந்து நகரைத் தூக்கி நிறுத்தப் பார்த்ததையும் சொல்கிறார். எப்படி? போரில் பறிபோன, அரசு முத்திரையிட்ட குதிரைகளைக் கொண்டுவந்தால்கூடக் கேட்ட விலை தருகிறேன் என்று கோவாவின் குதிரை வணிகர்களுக்கு உறுதி கொடுத்தார். நம்பி ஓட்டி வந்தார்கள். நல்ல குதிரைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு காசு தராமல் அனுப்பிவிட்டார்! அதற்குப் பிறகு எந்த வணிகன் வருவான்? ராஜ்யம் போனதைவிட நம்பிக்கை போனதுதான் அந்த நகரத்தைக் கொன்றது என்பேன்.

நாணயப்பெட்டி

தலைக்கோட்டையில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி. அகமதுநகர் பீரங்கிப் படைக்குத் தலைவர் செலபி ரூமி கான். எதிரி மிக நெருங்கி வந்ததும் குண்டுக்குப் பதிலாகச் செப்புக் காசு மூட்டைகளைப் பீரங்கியில் திணித்துச் சுடச் செய்தார் என்று பெரிஷ்தா குறிப்பிடுகிறார். சில்லறை சிதறிப் பல்லாயிரம் பேர் மாண்டார்களாம். பெயரில் உள்ள 'ரூமி' துருக்கி நாட்டுப்பக்கத்து ஆள் என்பதைக் காட்டுகிறது. அதே ஆண்டு மால்டாவின் மதில்களை இடித்ததும் துருக்கியப் பீரங்கிகள்தான்.

கோவா குதிரை வணிகம் படுத்ததைப் பற்றி டீச்சர் சொன்னது சரி. அதோடு முடியவில்லை. விஜயநகரத்தை வீழ்த்திய அதே பீஜப்பூரும் அகமதுநகரும் 1570-இல் போர்ச்சுகீசியர் மேல் திரும்பி, ஒன்று கோவாவையும் மற்றது சவுலையும் முற்றுகையிட்டன. ராமராயர் உயிரோடு இருந்திருந்தால் இவர்களுக்கு அந்த ஓய்வு கிடைத்திருக்காது.

வல்வெட்டிக் கரையான்

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் 1565-ஐ ஒருவரும் தொடவில்லையே! 'கோட்டை' (Kotte) என்ற சிங்கள இராச்சியத்தின் தலைநகரை, சீதாவாக்கை அரசன் மாயாதுன்னையின் தொடர் தாக்குதலைத் தாங்க மாட்டாமல் போர்ச்சுகீசியர் கைவிட்டது இந்த ஆண்டில்தான். அரசன் தர்மபாலனையும் அழைத்துக்கொண்டு கொழும்பு மதிலுக்குள் போய்விட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அரசிருக்கையாக இருந்த நகரம் காலியாயிற்று. ஹம்பி போலப் பெரிதாகப் பேசப்படுவதில்லை, அவ்வளவுதான். பெரிய படம் கேட்கவில்லை, ஒற்றை வரியாவது தாருங்கள்.

குமரித்துறைவன்

கட்டாயம் உண்டு அண்ணா, எழுதிக்கொண்டேன். மால்டாவுக்கு வாதாட ஒருவரும் இல்லையா? ஐரோப்பியர்கள் 1565 என்றாலே அதைத்தானே சொல்கிறார்கள்.

முரண்டன்

நான் வாதாடுவேன், ஆனால் எதிர்த்தரப்பில். கதை அருமை, சந்தேகமில்லை. மால்டாவை ஆண்ட வீரத்துறவிகள் சபையின் தலைவர் (கிராண்ட் மாஸ்டர்), எழுபதை ஒட்டிய வலேட், அவரோடு சுமார் 500 வீரத்துறவிகள், கூட ஐந்தாறாயிரம் ஆட்கள். எதிரே துருக்கிச் சுல்தான் சுலைமானின் பெரும்படை. சில நாட்களில் விழும் என்று கணக்கிட்ட புனித எல்மோ கோட்டை ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கி, ஜூன் 23 அன்று விழுந்தது. அதே வேளையில் துருக்கியரின் கடற்படைத் தலைவர் துர்குத்தும் காயத்தால் இறந்தார். இறந்த வீரத்துறவிகளின் உடலைச் சிலுவையில் கட்டித் துறைமுகத்தில் மிதக்கவிட்டார் துருக்கித் தளபதி முஸ்தபா பாஷா. பதிலுக்கு வலேட் கைதிகளின் தலையை வெட்டிப் பீரங்கியில் வைத்துச் சுட்டார். இரு தரப்பும் சுத்தமில்லை. செப்டம்பரில் சிசிலியிலிருந்து உதவிப்படை வந்ததும் முற்றுகை கலைந்தது.

ஆனால் விளைவு? 'துருக்கியரின் அலை மால்டாவில் நின்றது' என்பார்கள். நிற்கவில்லை. அடுத்த ஆண்டே சுலைமான் ஹங்கேரிக்குப் படையெடுத்துப் போனார். 1571-இல் சைப்ரஸ் முழுவதும் துருக்கியர் கைக்கு வந்துவிட்டது. மால்டாவில் நடந்தது ஒரு தீவு தப்பித்த கதை. நன்றாக விளம்பரம் செய்யப்பட்ட கதை.

என் அடிப்படை மறுப்பு வேறு. ஒரே ஆண்டு எண்ணைப் போட்டதால் இவற்றுக்குள் என்ன உறவு வந்துவிடும்? கியோட்டோவில் ஷோகன் வெட்டுப்பட்டதற்கும் மால்டாவுக்கும் என்ன சம்பந்தம்? பஞ்சாங்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

நாணயப்பெட்டி

கியோட்டோவுக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு உண்டு முரண்டரே. மாட்ரிட்டில் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் மேசையை நினைத்துப் பாருங்கள். காகிதத்தாலேயே ஆண்ட மனிதர். ஓரங்களில் கைப்படக் குறிப்பெழுதுவார். மால்டா அவருடைய தந்தை அந்த வீரத்துறவிகளுக்கு ஆண்டுக்கு ஒரு பருந்து வாடகைக்குக் கொடுத்த தீவு. உதவிப்படை அனுப்பியவர் அவருடைய சிசிலி வைஸ்ராய். புளோரிடாவில் பிரெஞ்சு புராட்டஸ்டன்டுகளை விரட்டத் தளபதி மெனென்டெஸோடு மார்ச்சில் ஒப்பந்தம் போட்டது அவர். மெனென்டெஸ் கரையிறங்கிச் செயின்ட் அகஸ்டினை நிறுவியது செப்டம்பர் 8. மால்டா முற்றுகை கலைந்ததும் செப்டம்பர் 8. செபுவுக்குப் போன கூட்டமும் அவர் ஆணைப்படி போனதுதான், பிலிப்பைன்ஸ் என்ற பெயரே அவருடையது. மூன்று கடல்கள், ஒரு மேசை.

நான் பெரிய படத்துக்குச் சிபாரிசு செய்வதும் அந்த மேசையில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தைத்தான். 1565 அக்டோபரில் செகோவியாக் காட்டு மாளிகையிலிருந்து பிலிப் தன் ஆட்சியில் இருந்த நெதர்லாந்துக்குக் கடிதங்கள் அனுப்பினார். புராட்டஸ்டன்டுகள் போன்ற மதபேதக்காரர்களைத் தண்டிக்கும் சட்டங்களைத் தளர்த்துங்கள் என்று அந்நாட்டுப் பிரபுக்கள் கேட்டிருந்தார்கள்; ஓர் எழுத்தும் தளர்த்த மாட்டேன் என்றார். அங்கே நிலைமை எப்படி? 1564-65 குளிர்காலம் கொடியது. பால்டிக் தானியம் வரும் கடல்வாயை டென்மார்க் மூடியதில் ரொட்டி விலை ஏறியது. பீட்டர் புரூகல் பனியில் வேட்டைக்காரர்கள் வெறுங்கை போல வீடு திரும்பும் அந்த ஓவியத்தை வரைந்தது அதே 1565-இல், அதே நாட்டில். ஒருவன் தோளில் ஒரேயொரு நரி தொங்குகிறது.

பசியும் மறுப்பும் சேர்ந்தன. மறு ஆண்டு தேவாலயங்களில் இருந்த உருவங்களை உடைத்தார்கள், 1568-இல் போர் மூண்டது, 1648 வரை நீடித்தது. அந்தப் போரின் நடுவில்தான் டச்சுக்காரர்கள் தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியை 1602-இல் தொடங்கினார்கள். பிறகு பழவேற்காடு, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் எல்லாம் யார் கைக்குப் போயின என்பது நமக்குத் தெரியும்.

வல்வெட்டிக் கரையான்

யாழ்ப்பாணக் கோட்டைக்கும் செகோவியாக் கடிதத்துக்கும் முடிச்சுப் போடுவது கொஞ்சம் நீளமான கயிறு, நாணயப்பெட்டி ஐயா. நடுவில் 93 வருடம் இருக்கிறது. ஆனால் அறுந்த கயிறு என்று சொல்ல மாட்டேன்.

ஹம்பிப்பித்தன்

நீளமான கயிறுதான் வேண்டுமென்றால் தலைக்கோட்டையிலும் உண்டு. போருக்குப் பின் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று நகர்ந்து தேய்ந்த அரசு, மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களைக் கட்டி வைக்க முடியவில்லை. திருமலை நாயக்கர் மகால் வரை எல்லாம் அதன் பின்விளைவுதான். 1639-இல் ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரைத் துண்டைக் கொடுத்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரும் அந்தத் தேய்ந்த அரசின் கீழிருந்தவர். பேரரசு முழு வலிமையோடு இருந்திருந்தால் ஒரு நாயக்கர் அப்படித் தாமாகப் பட்டயம் எழுதியிருப்பாரா?

அலைவாய்க்காரன்

சென்னையைத் தொட்டீர்கள், நானும் தொட்டுவிடுகிறேன். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் கட்டிய மர்மலாங் பாலம். இன்று அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம். செலவை ஏற்றவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அவர் பொருள் சேர்த்தது மணிலா வணிகத்தில். சோழமண்டலத் துணி மணிலாவுக்கும், அங்கிருந்து அகபுல்கோவுக்கும் போயிற்று. மெக்சிகோ வெள்ளி திரும்பி வந்தது. உர்தனேட்டாவும் மார்ட்டினும் வழி கண்டிராவிட்டால் அந்த வெள்ளி மணிலாவுக்கு வந்தே இருக்காது. பரங்கிமலைக்கு ஆற்றைக் கடந்து போனவர்கள் அந்தக் காசின் மேல்தான் நடந்தார்கள்.

தாமிரபரணி டீச்சர்

நல்ல வாதம். பிள்ளைகள் போகிற வருகிற பாலத்தைக் காட்டிப் பசிபிக் காற்றைச் சொல்லிக் கொடுக்கலாம். என் ஓட்டும் கப்பலுக்கு. தலைக்கோட்டை பாடப்புத்தகத்தில் எப்படியும் இருக்கிறது. லோப்பே மார்ட்டின் அதில் இல்லை.

முரண்டன்

படம் எதுவானாலும் தேதிகளுக்கு ஓரத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். நாம் சொன்னவை எல்லாம் பழைய ஜூலியன் நாள்காட்டித் தேதிகள். கிரிகோரியன் வந்தது 1582-இல். யாராவது கணக்குப் பார்த்துப் பத்து நாள் இடிக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். அநேகமாக அது நானாகத்தான் இருக்கும்.

குமரித்துறைவன்

சரி, பசிபிக் வரைபடம்தான். கீழே செபுவிலிருந்து வடக்கே வளைந்து அகபுல்கோ வரை ஒரு கோடு, மேலே இரு கப்பல்களின் பெயர்களும் மார்ட்டின், உர்தனேட்டா பெயர்களும். ஒற்றை வரிகளில் தலைக்கோட்டை, கோட்டை நகரம், மால்டா, செகோவியாக் கடிதம், மற்றவை. ஹம்பிப்பித்தன் கோபிக்க வேண்டாம். தலைக்கோட்டை வரியில் நான்கு சுல்தான்கள், சோலாப்பூர் சீதனம் இரண்டையும் சேர்க்கிறேன்.

ஹம்பிப்பித்தன்

கோபம்தான். ஒற்றை வரியில் செப்புக் காசு பீரங்கியையும் சேர்த்தால் பரிசீலிக்கிறேன்.